உப்புக்காற்றில் நிற்கும் காரை வீட்டிலேயே பராமரிப்பது: எதுவரை நம் கை போகலாம்?

குளச்சல் வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல் துறைமுகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக ஒரே சிறிய பெட்ரோல் காரைத்தான் வைத்திருக்கிறேன். வேலை தக்கலையில் என்பதால் பகல் முழுவதும் அது ஒரு புளியமரத்தடியில் நிற்கும். இரவில் வீட்டு முற்றத்தில் கடற்காற்று வாங்கும். கார் வேலையை நானே செய்யத் தொடங்கியதற்குக் காரணம் காசு மிச்சம் பிடிப்பதல்ல. சென்ற ஆண்டு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் காரணம்.

ஆனி மாதத்தில் இடப்பக்க இருக்கையின் கால்மிதிக்கு அடியில் தண்ணீர் நின்றது. ஒரு பட்டறையில் ஏசி குழாய் அடைப்பு என்று சொல்லிச் சுத்தம் செய்தார்கள், நிற்கவில்லை. இன்னொரு இடத்தில் முன்கண்ணாடியின் ரப்பரை மாற்றினார்கள்; அதற்கும் நிற்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை ஓய்ந்த நேரத்தில் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உள்ளே ஒரு கைப்பிடி உயரத்துக்குப் புளிய இலை மக்கிக் கறுத்துச் சேறாகப் படிந்திருந்தது. முன்கண்ணாடியில் விழும் மழைநீர் அந்தத் தொட்டியின் இரு ஓரங்களிலும் உள்ள துளைகள் வழியாகச் சக்கரத்தின் பின்புறம் இறங்க வேண்டும். துளைகள் அடைபட்டதால் நீர் மட்டம் ஏறி, காரின் உள்ளே காற்றை இழுக்கும் வாயின் வழியாக நுழைந்திருக்கிறது. சேற்றை வாரி எடுத்துவிட்டு ஒரு குடம் நீரை ஊற்றியபோது சக்கரத்தின் பின்னால் அது கொட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு துளி நீர்கூட உள்ளே வரவில்லை.

அந்த நாள் முதல் மாதம் ஒரு முறை அந்தத் தொட்டியையும், கதவுகளின் அடிவிளிம்பில் உள்ள நீர் வடியும் துளைகளையும் ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்கிறேன். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் ரப்பர், பல்புகள், எஞ்சின் ஆயில் ஆகியவற்றையும் நானே மாற்றுகிறேன். இப்போது முன்சக்கரங்களின் பிரேக் பேடு (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் கட்டை) தேய்ந்துவிட்டது. அதையும் வீட்டிலேயே மாற்றலாம் என்று எண்ணுகிறேன். நம் மாவட்டத்துக் காற்றையும் மழையையும் அறிந்தவர்களிடம் கேட்கிறேன்: எந்த வேலைவரை வீட்டில் செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

நாகர்கோவில் டீச்சர்

உங்கள் அனுபவத்தைப் படித்தபோது என் காரின் கதையையே படிப்பது போல இருந்தது. என் கணவர் வளைகுடாவில் வேலை செய்வதால் வண்டியின் பொறுப்பு முழுவதும் என்னுடையது. நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், ஸ்பேனருக்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வாங்க வேண்டும் என்பதுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலையில் செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) இழுத்து இழுத்து அடித்தது. ஒரு கடையில் பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதிய பேட்டரி மாட்டிவிட்டார்கள். பத்தாவது நாளே அதே நிலை. மீட்டரில் பார்த்தபோது பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தது. இரவு முழுவதும் ஓய்ந்து நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது என்றும், 12.2-க்கு வந்தால் ஏறக்குறையப் பாதிதான் இருக்கிறது என்றும் பொருள். ஆகவே பழுது பேட்டரியில் இல்லை என்று தெரிந்தது. அதன் பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மறு முனையை எஞ்சினின் சுத்தமான ஓர் உலோகப் பகுதியிலும் வைத்துக்கொண்டு, கியர் நியூட்ரலில் இருப்பதையும் ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதையும் சரிபார்த்துவிட்டு, மகளைச் சாவி திருப்பச் சொன்னேன். மீட்டர் 1.6 வோல்ட் காட்டியது. அது அரை வோல்ட்டைத் தாண்டினாலே எர்த் இணைப்பில் (பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் உலோகத்தோடு சேர்க்கும் வயரில்) தடை இருக்கிறது என்று கொள்ளலாம். கியர்பாக்ஸ் அருகே எர்த் வயரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினேன். வாஷருக்கு அடியில் செம்பொடியாகத் துரு உதிர்ந்தது. உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். புதிய பேட்டரிக்குக் கொடுத்த பணம் வீண்தான். ஆனால் அன்று முதல் அளந்து பார்க்காமல் எந்த உதிரிப்பாகத்தையும் நான் மாற்றவிடுவதில்லை.

பேட்டரியில் கைவைக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பானட்டைத் திறக்க வேண்டும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டால்கூட, நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருக்குமானால் பொறி பறக்காது. கம்பங்களில் பூக்கும் வெள்ளையும் பச்சையுமான உப்பைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்தால் கரைந்துவிடும்; அந்த நீர் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தக்கலை பட்டறைக்காரன்

இருபத்தாறு ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். வீட்டில் வேலை செய்பவர்களைக் கண்டு எங்களுக்கு மனவருத்தம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. இலைத்தொட்டியைச் சுத்தம் செய்யவும், கதவுத் துளையைக் குத்திவிடவும், எர்த் இணைப்பைத் தேய்க்கவும் எந்தப் பட்டறையிலும் தனியாக ஆளை ஒதுக்குவதில்லை. அவற்றுக்குப் பில் போட முடியாது என்பதே காரணம். ஆனால் நம் மாவட்டத்தில் காரைக் கொல்வது இவைதான். ஓராண்டில் இரண்டு மழைக்காலம் நமக்கு. இடவப்பாதி முடிந்து மூச்சுவிடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். கடலோரத்தில் காற்றோடு வரும் உப்பு, வண்டியின் அடிப்பாகத்தில் படிந்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால், மழையே பெய்யாவிட்டாலும் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசிந்துவிடும். அந்த உப்புநீர்ப் படலத்துக்கு அடியில் இரும்பு இரவும் பகலும் துருவேறிக்கொண்டிருக்கும். மணவாளக்குறிச்சி, முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்து வண்டிகளைத் தூக்கிப் பார்த்தால், கடலிலிருந்து தள்ளியுள்ள அருமனையின் அதே வயதுடைய வண்டியைவிட அடிப்பாகம் இரண்டு மடங்கு வயது கூடியதாகத் தெரியும். மாசிக் கொடைக்கு மண்டைக்காடு கோயிலுக்குப் போய்க் கடற்கரை மணலில் வண்டியை நிறுத்திவிட்டு வருபவர்கள், மறுநாளே அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். மேலே ஷாம்பு போட்டுத் துடைப்பதைவிட அது பத்து மடங்கு பயன் தரும். கழுவும் நீர் உவர்ப்பாக இருந்தால் கழுவாமலிருப்பதே மேல். ரேடியேட்டருக்கும் அதே நீரை ஊற்றிவிடக் கூடாது. கூலண்டு அளவு குறைந்தால் அதே வகைக் கூலண்டு அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இனிப் பிரேக்குக்கு வருகிறேன். குளச்சல் தம்பி கேட்டதற்கு, வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் பேடு மாற்றுவது, கற்றுத்தர ஆள் பக்கத்தில் இருந்தால், முதல் முறையே செய்யக்கூடிய வேலைதான். பின்சக்கர டிரம்மைத் தனியாகத் தொட வேண்டாம். உள்ளே இருக்கும் சுருள்வில்களும் சரிசெய்யும் நெம்புகோலும் ஒழுங்கு மாறி மாட்டப்பட்டால் அது ரோட்டில்தான் தெரியவரும். ஏர்பேக்கின் மஞ்சள் இணைப்புகள், ஏசி வாயு, டைமிங் பெல்ட், சஸ்பென்ஷன் சுருள்வில் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஜாக்கி. வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்காகத் தரப்படுவது. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். நம் பக்கத்தில் வெட்டுகல் எல்லா வீட்டு முற்றத்திலும் கிடக்கும். ஹாலோ பிளாக்கும் கிடக்கும். அவற்றை அடை கொடுத்துவிட்டுப் படுக்காதீர்கள். பார்வைக்கு உறுதியாக இருக்கும் கல், ஓர் ஓரத்தில் மட்டும் பாரம் ஏறினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். சேற்று முற்றத்திலும் சரிவிலும் வண்டியைத் தூக்கவே கூடாது.

குலசேகரம் தோட்டக்காரன்

எங்கள் பக்கத்தில் உப்புக்காற்று இல்லை. அதற்குப் பதிலாக எலியும் இலையும் இருக்கின்றன. தை மாத வாக்கில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும்போது தோட்டம் முழுவதும் காய்ந்த சருகு முழங்கால் அளவுக்குக் கிடக்கும். சூடான சைலன்சர் அந்தச் சருகில் படும்படி வண்டியை நிறுத்தக் கூடாது என்பதை ஒவ்வோர் ஆண்டும் வேலைக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எலி எஞ்சினின் மேல் சருகால் கூடு கட்டி, வயரையும் கடித்துவிடும். வாரம் ஒரு நாள் பானட்டைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியாது.

ஆயிலை நானும் வீட்டிலேயே மாற்றுகிறேன். எடுக்கும் பழைய ஆயிலை ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையின் மரக்கால்களுக்குக் கறையான் வராமல் பூசிவிடுவேன். என் தந்தை காலத்திலிருந்தே இப்படித்தான் செய்கிறோம். இதில் தவறு ஏதும் உண்டா?

தக்கலை பட்டறைக்காரன்

உண்டு அண்ணன். அதை வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டால் நான் குற்றவாளியாவேன். எஞ்சினுக்குள் ஓடி எரிந்த ஆயில், புதிய ஆயிலைப் போன்றதல்ல. உலோகத் துகள்களும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய எரிபொருள் எச்சங்களும் அதில் சேர்ந்திருக்கும். கொட்டகைக் காலில் பூசியது மழையில் கழுவப்பட்டு மண்ணில் இறங்கும். உங்கள் தோட்டத்துக் கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ்ப் பழைய ஆயிலும் வருகிறது. கேனில் ஊற்றி மூடிவைத்துப் பக்கத்துப் பட்டறையில் கொடுங்கள். உரிமம் பெற்றவர்கள் அங்கு வந்து வாங்கிச் செல்வார்கள். கையுறை இல்லாமல் அதைத் தொட வேண்டாம். தினமும் தொட்டுத் தொட்டு என் விரல்கள் எப்படி வெடித்திருக்கின்றன என்பதை நேரில் வந்தால் காட்டுகிறேன்.

ஆயில் மாற்றுவதைப் பற்றியே இன்னும் இரண்டு செய்திகள். வீட்டில் ஆயில் மாற்றிவிட்டு என்னிடம் வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை சேம்பரின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) டிரெயின் போல்ட்டில், அதாவது ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்டில், மரை போனவை. அலுமினிய சேம்பரில் அந்த போல்ட்டை முதலில் விரலால்தான் ஏற்ற வேண்டும். மூன்று நான்கு சுற்றுகள் விரலாலேயே தடையின்றி ஏறிய பிறகே ஸ்பேனர். கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கினால் பாதுகாப்பு. வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். அடுத்தது ஃபில்டர். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிடுவதுண்டு. அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால், இரண்டு வளையங்களுக்கிடையே ஆயில் பீறிட்டு, மார்த்தாண்டம் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் வறண்டுவிடும். கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து வளையம் அதில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழி ஓட்டுநர்

முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே தினமும் ஓடும் வண்டி என்னுடையது. ஏர் ஃபில்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கையேட்டில் சொல்லப்பட்ட கிலோமீட்டர் நம் காற்றுக்கும் புழுதிக்கும் பொருந்தாது. ஆனி, ஆடிக் காற்றில் மாதம் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி காகிதத்துக்குள் ஆழமாகப் புகுந்துவிடும். பெட்டியின் மூடியை மாட்டும்போது ஓரத்து ரப்பர் மடிந்திருந்தால் எவ்வளவு நல்ல ஃபில்டரும் பயன்படாது.

நாகர்கோவில் டீச்சர்

பட்டறைக்கார அண்ணனிடம் ஒரு கேள்வி. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஆயில் குறையவே இல்லாதபோது ஏன் மாற்ற வேண்டும்?

தக்கலை பட்டறைக்காரன்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது, டீச்சர். டாட் 4 என்னும் தர வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதுவே ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரியில் கொதித்தாலும் போதும் என்று அதே தரவிதி ஏற்றுக்கொள்கிறது. டாட் 3 வகைக்கு 205-உம் 140-உம். மலைப்பக்கத்துப் பேச்சிப்பாறையிலிருந்து இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்தபடி வந்தால் சக்கரத்தின் பக்கத்தில் சூடு ஏறும். உள்ளே உள்ள ஈரம் ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதி தரைவரை போய்விடும். ஆண்டில் ஆறு மாதம் ஈரக்காற்றில் இருக்கும் நமக்கு இரண்டு ஆண்டு என்பதே தாராளமான கணக்கு. ஆனால் ஆயிலை மாற்றிக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் அந்த வேலையை வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம். குழாயில் ஒரு குமிழி தங்கினாலும் ஆபத்து.

தம்பி, சனிக்கிழமை மாலை உங்கள் வண்டியையும் பேடையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள். என் கை வண்டியில் படாது. நீங்கள் செய்யுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

குளச்சல் வாசி

தக்கலைப் பட்டறைக்குச் சென்றுவந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அடுத்து இந்த வேலையைச் செய்ய எண்ணுபவர்களுக்கு உதவும்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, பிறகு தூக்கி, ஸ்டாண்டில் இறக்கினேன். பிரேக்கில் படிந்த கரும்பொடியை வாயால் ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள் என்று பட்டறைக்கார அண்ணன் முதலிலேயே தடுத்தார். அந்தப் பொடி நுரையீரலுக்குக் கேடு. இடப்பக்கக் காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே மடக்கினேன். பேடுகளை வெளியே எடுத்தபோது அவர் இரண்டையும் என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெளிப்பக்கப் பேடில் இன்னும் ஏழு மில்லிமீட்டர் இருந்தது, உட்பக்கத்தில் இரண்டுதான். "இது பேடின் குற்றமல்ல. காலிப்பர் நகராமல் நிற்கிறது. எதனால் என்று தேடுங்கள்" என்றார்.

காலிப்பர் வழுக்கிச் செல்ல வேண்டிய இரண்டு பின்களில் (உருளைக் கம்பிகளில்) மேல்பின் விரலால் தள்ளியபோது எளிதாக நகர்ந்தது. கீழ்ப்பின் அசையவே இல்லை. அதன் ரப்பர் உறையின் மடிப்பில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். உறையை விலக்கிப் பின்னை முறுக்கி முறுக்கி இழுத்து எடுத்தபோது, பளபளப்பாக இருக்க வேண்டிய உருளையில் செந்நிறப் பொருக்கு விரல்நீளத்துக்குப் படிந்திருந்தது. எங்கள் முற்றத்துக் கடற்காற்று அந்தக் கிழிசல் வழியாக உள்ளே போயிருக்கிறது. நான் வீட்டில் தனியாகச் செய்திருந்தால் தேய்ந்த பேடை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியிருப்பேன். அந்த உட்பேடும் சில மாதங்களில் தேய்ந்து, டிஸ்க்கையும் கீறியிருக்கும்.

புதிய பின்னும் உறையும் பக்கத்துக் கடையிலேயே கிடைத்தன. பின்னுக்குப் பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் மட்டுமே போட வேண்டும். சாதாரண கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்து மறுபடியும் இறுக்கிவிடும். அண்ணன் சுட்டிக்காட்டியபடி, பிரேக் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து அளவைப் பார்த்துக்கொண்டே, பழைய பேடை வைத்துக் கிளாம்பு கொண்டு, பேடை அழுத்தும் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளினேன்; தொட்டி நிரம்பி வழிந்தால் பெயிண்ட் உரிந்துவிடும். காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் சுருள்வில்லில் கட்டிவைத்தேன். சக்கர நட்டுகளை எதிரெதிராக முறுக்கினேன்.

எல்லாம் மாட்டி முடித்துச் சாவியை எடுத்தபோது அவர் கையை நீட்டி நிறுத்தினார். "மிதியை மிதித்துப் பாருங்கள்" என்றார். மிதித்தேன். கால் தரைவரை போனது. பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டதால் பேடுக்கும் அதற்கும் இடையே இடைவெளி இருந்திருக்கிறது. ஐந்தாறு முறை மிதித்த பிறகே மிதி கல்லாக இறுகியது. பட்டறை வாசலைத் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலை. மிதிக்காமல் கிளம்பியிருந்தால் முதல் பேருந்தின் முன் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

குலசேகரம் தோட்டக்காரன்

படித்து முடித்ததும் என் வண்டியின் இரண்டு உட்பேடுகளையும் சக்கரத்தின் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டும் சமமாக இருக்கின்றன. பழைய ஆயிலைக் கேனில் நிரப்பி வைத்திருக்கிறேன் அண்ணன். வரும் வாரம் தக்கலைக்கு வரும்போது கொண்டுவந்து கொடுக்கிறேன்.

தக்கலை பட்டறைக்காரன்

கொண்டுவாருங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். குளச்சல் தம்பி, முதல் சில நாள் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் மிதமாக மிதித்துப் பேடைப் பழக்குங்கள். சக்கர நட்டுகளை ஒரு முறை மறுபடியும் முறுக்கிப் பாருங்கள். வலப்பக்கத்து உறையையும் ஐப்பசி மழைக்கு முன் திறந்து பார்த்துவிடுவோம். அந்தப் பக்கமும் அதே காற்றில்தான் நிற்கிறது.